ஊறவைத்தால் ஒன்றும் ஆகவில்லை, ஸ்க்ரூ போட்டால் விரிசல்: பிசி/ஏபிஎஸ்ஸுக்கு எந்தச் சோதனை சரி?

உறைவடிவம் (கேள்வி)

வணக்கம். கையில் பிடித்து வேலை செய்யும் ஒரு கருவியின் வெளி உறை. பொருள் பிசி/ஏபிஎஸ் (பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் கலந்த பிளாஸ்டிக்), சுவர்த் தடிமன் 2.5 மிமீ. உள்ளே நான்கு ஸ்க்ரூ பாஸ் (ஸ்க்ரூ இறங்கும் துளையுள்ள தூண்). இன்செர்ட் (துளையில் பதிக்கும் உலோக மரைக்குழல்) கிடையாது, பிளாஸ்டிக்கில் தானே மரை போட்டுக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ. உறையைத் தினமும் பலமுறை கிருமிநாசினித் துடைப்பானால் துடைக்கிறார்கள். அதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் குவாட்டர்னரி அமோனியம் உப்பும் இருக்கின்றன. சில வாரங்களில் பாஸைச் சுற்றிக் கதிர் கதிராக விரிசல் வருகிறது.

இதுவரை செய்த சோதனை: டெஸ்ட் பார்களை (சோதனைக்கான பிளாஸ்டிக் பட்டைகளை) 23 டிகிரியில் 7 நாள் அதே திரவத்தில் ஊறவைத்தோம். எடை மாற்றம் 0.3 சதவீதத்துக்கும் கீழே. இழுவைச் சோதனையில் ஊறாத பாருக்கும் ஊறிய பாருக்கும் வித்தியாசமே இல்லை. ரெசின் சப்ளையரின் அட்டவணையும் "தாங்கும்" என்றே சொல்கிறது.

கேட்க விரும்புவது: எந்தச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும்? எவ்வளவு ஸ்ட்ரெயின் (நீட்சி விகிதம்), எத்தனை மணி நேரம்? 40 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் முடியுமா? ஒரு ஆய்வகம் ஏஎஸ்டிஎம் டி 1693 செய்து தருகிறேன் என்கிறது. அது போதுமா?

---

பாலிமர்பட்டறை

டி 1693 வேண்டாம். அது பாலிஎத்திலீனுக்கான சோதனை. உங்கள் பொருளில் செய்தால் ஏதோ ஒரு எண் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஊறவைத்த சோதனையில் பொருள் தேறியதில் ஆச்சரியம் இல்லை. இங்கே நடப்பது ரசாயனச் சிதைவு அல்ல. இழுவிசை தாங்கி நிற்கும் இடத்தில் மட்டும் திரவ மூலக்கூறுகள் நுழைந்து, சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகின்றன. உலர்ந்த நிலையில் விரிசல் விடத் தேவையான விசையில் ஒரு பங்கு இருந்தாலே முதலில் கிரேஸ் (விரிசலுக்கு முந்தைய மயிரிழைக் கோடு), பிறகு விரிசல். இழுவிசை இல்லாத பாரில் அதே திரவம் சும்மா இருக்கும். எடை ஏறாது, வலு குறையாது. பிளாஸ்டிக்கை நன்றாகக் கரைக்கும் திரவமாக இருந்தால் ஊறவைக்கும்போதே மாட்டிக்கொள்ளும். லேசாக மட்டும் ஒட்டுறவு உள்ள திரவம்தான் இப்படி ஏமாற்றும். சப்ளையர் அட்டவணைகளில் பெரும்பாலானவை ஸ்ட்ரெஸ் (பொருளுக்குள் நிற்கும் விசை) இல்லாமல் ஊறவைத்து எடுத்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது வளைத்த பார் சோதனை: ஐஎஸ்ஓ 22088 பகுதி 3, அல்லது ஏஎஸ்டிஎம் டி 543-இல் ஸ்ட்ரெயின் ஜிக் (பாரை வளைத்துப் பிடிக்கும் சட்டம்) வைத்துச் செய்யும் முறை. தெரிந்த ஆரம் உள்ள வளைவின் மேல் பாரைப் படிய வைத்து இரு முனையிலும் கிளாம்ப் போடுவது. வெளி முகத்தில் வரும் ஸ்ட்ரெயின் = தடிமன் ÷ (2 × ஆரம் + தடிமன்). 3.2 மிமீ பாருக்கு 0.5 சதவீதம் வேண்டுமென்றால் ஆரம் 318 மிமீ, 1.0-க்கு 158, 1.5-க்கு 105. 4 மிமீ பாரென்றால் முறையே 398, 198, 131. தடிமன் மாறினால் ஸ்ட்ரெயின் மாறும். 3.2-க்கு வெட்டிய ஜிக்கில் 4 மிமீ பாரை ஏற்றிவிட்டு "1 சதவீதம்" என்று அறிக்கை எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. உண்மையில் அது 1.25 சதவீதம்.

பார் எண்ணிக்கை: 0, 0.5, 1.0, 1.5 என்று நான்கு ஸ்ட்ரெயின். ஒவ்வொன்றிலும் திரவத்தோடு 5, திரவம் இல்லாமல் 5. மொத்தம் 40. செலவைக் குறைக்க உலர் பார்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதைச் செய்ய வேண்டாம். வளைத்து வைத்தாலே பார் கொஞ்சம் மாறும். ஒப்பீடு அதே ஸ்ட்ரெயினில் உலர்ந்திருந்த பாரோடுதான் இருக்க வேண்டும்.

மோல்டிங்குக்கு முன் ரெசினை முறையாக உலர்த்துங்கள். ஈரப்பதம் 0.02 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பாலிகார்பனேட் பகுதி நீராற்பகுத்து மூலக்கூறு எடை குறையும். அது குறைந்தால் இந்த விரிசலைத் தாங்கும் திறனும் கூடவே போகும். மோல்டிங் முடிந்து குறைந்தது 40 மணி நேரம் 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிட்டு ஜிக்கில் ஏற்றுங்கள்.

ஏற்றியதும் பாரின் நடுவில் பருத்தித் துணிப் பட்டையை வைத்து, அதே துடைப்பானிலிருந்து பிழிந்த திரவத்தால் நனைத்து, பாலிஎத்திலீன் ஃபிலிமால் மூடுங்கள். தினமும் மறுபடி நனையுங்கள். ஆய்வகத்தில் இருக்கும் சுத்தமான ஐசோபுரொப்பைலை வைத்துச் செய்து முடித்துவிடக் கூடாது. பல துடைப்பான்களில் கடிப்பது ஆல்கஹால் அல்ல, சிறிதளவே இருக்கும் கிளைக்கால் ஈதரோ அமீனோதான்.

மூடி வைப்பது ஒரு பாதி. இன்னொரு பாதி, நனைத்துக் காயவிட்டு மறுபடி நனைக்கும் சுற்று. ஆல்கஹால் பறந்ததும் உப்பு மேற்பரப்பில் செறிந்து நிற்கும். நிஜத்தில் உறை சந்திப்பது அதைத்தான். இரண்டில் எது மோசம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, இரண்டையும் செய்யுங்கள்.

24 மணி, 72 மணி, 7 நாள் என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஜிக்கிலிருந்து கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். கழற்றினால் பார் நிமிர்ந்து மெல்லிய விரிசலெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் கிரேஸ் வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும், நேராகப் பிடித்தால் தெரியாது. 7 நாள் முடிந்ததும் கழற்றி, கழுவி, ஒரு நாள் விட்டு இழுவைச் சோதனை. யீல்டு வலுவை (பார் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவை) மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், அது கடைசி வரை அசையாமல் நிற்கும். முதலில் சரிவது முறியும்போதுள்ள நீட்சி.

---

கிரேஸ்கண்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஜிக்கில் நடக்கும் கோளாறுகளைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தச் சோதனை தவறாகப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

பார் வளைவில் முழுக்கப் படிந்திருக்க வேண்டும். கிளாம்பை ஒரு பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் நடுவில் இடைவெளி நிற்கும்; அங்கே ஆரம் நீங்கள் கணக்குப் போட்டது அல்ல. நடுவிலிருந்து கையால் அழுத்தி இருபுறமும் சமமாக இறுக்குங்கள். 0.05 மிமீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைந்தால் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். கையுறை போடுங்கள். விரல் எண்ணெயும் கை கிரீமும் சோதனைத் திரவமாகிவிடும்.

கிளாம்புக்கு அடியில் ரப்பர் பட்டை வைக்கும் வழக்கம் உண்டு. மென்மையான பிவிசி பட்டையாக இருந்தால் அதிலுள்ள பிளாஸ்டிசைசரே பாலிகார்பனேட்டில் விரிசல் விடச் செய்யும். திரவம் படாத உலர் பாரிலும் கிளாம்பை ஒட்டி விரிசல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். எப்படி இருந்தாலும் கிளாம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் வந்த விரிசலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஷீட்டிலிருந்து ரம்பத்தால் அறுத்த பாரென்றால் ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். 600 எண் தாளால் நீளவாக்கில் தேய்த்துவிடுங்கள்; குறுக்கே தேய்த்தால் நீங்களே நாட்ச் (வெட்டுக்கீறல்) போட்ட மாதிரி ஆகும்.

மோல்டு செய்த பாரில் எதிர்மாறான ஒரு சங்கடம் உண்டு. வேகமாகக் குளிர்ந்த தோல் அமுக்கத்திலும் உள்மையம் இழுவையிலும் உறைந்து நிற்கும். அந்த அமுக்கம் தோலைக் காப்பாற்றுவதால் பார் நல்ல பிள்ளையாகத் தெரியும். உங்கள் உறையில் கேட் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) பக்கமும், அந்த உருகல் பாஸைச் சுற்றி ஓடி வந்து சேரும் வெல்டு லைனும் அப்படி இருக்காது. ஆகவே பாரில் கிடைத்த எண்ணை அப்படியே பொருளுக்கு எழுதாதீர்கள்.

எந்த ஸ்ட்ரெயினில் தொடங்குவது என்று தெரியாதபோது நீள்வட்ட ஜிக் வேகமாக வழி சொல்லும். ஒரே பாரில் குறைந்த ஸ்ட்ரெயினிலிருந்து அதிகம் வரை கிடைக்கும். கிரேஸ் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் அந்தத் திரவத்துக்கான எல்லை ஸ்ட்ரெயின். உதாரணத்துக்கு அரைப் பேரச்சு 127, அரைச் சிற்றச்சு 38.1 மிமீ உள்ள கால் நீள்வட்டம், 3.2 மிமீ பார். தட்டையான முனையில் 0.38 சதவீதம். அங்கிருந்து 60 மிமீ தள்ளி 0.53, 80-இல் 0.74, 100-இல் 1.31. கடைசி 20 மிமீக்குள் எவ்வளவு ஏறுகிறது பாருங்கள். அந்தப் பகுதியில் இரண்டு மிமீ தவறாக அளந்தாலும் முடிவு மாறிவிடும். இந்தத் தூரம் கிடைமட்டத் தூரம். பாரின் மேல் டேப் வைத்து வளைவோடு அளந்தால் தப்பான எண் வரும். ஜிக்கின் பக்கவாட்டிலேயே ஸ்ட்ரெயின் அளவுகளைக் கீறி வைத்துக்கொள்வது நல்லது.

---

எச்டிபிஇகுழாய்

டி 1693 பேச்சு வந்ததால் பாட்டில், கேன், குழாய் பக்கம் இருப்பவர்களுக்காக. அதில் 38 × 13 மிமீ துண்டுகள் பத்து. ஒவ்வொன்றிலும் பிளேடால் நாட்ச் போட்டு, நாட்ச் வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்து உலோகச் சேனலில் செருகி, குழாயில் இறக்கி, நானைல்ஃபீனால் எத்தாக்சிலேட் ஊற்றி 50 டிகிரித் தொட்டியில் வைப்பார்கள். பத்தில் பாதி விரிசல் விடும் நேரமே முடிவு. இந்தத் திரவத்தை நீர்விட்டு 10 சதவீதமாக்கினால், நீர் சேர்க்காமல் ஊற்றுவதைவிடச் சீக்கிரம் விரிசல் வரும். நீர்த்தால் வீரியம் குறையும் என்று நினைத்து இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட்டால் குழப்பம்தான்.

மழுங்கிய பிளேடு ஆழத்தைச் சரியாகவே காட்டும், ஆனால் நாட்ச்சின் நுனி உருண்டுவிடும். நேரம் பொய்யாக நீளும். அதுபோல அழுத்தி வார்த்த தகட்டை எந்த வேகத்தில் குளிர்வித்தீர்கள் என்பது படிகத்தன்மையை மாற்றும், அதனால் முடிவும் மாறும். நல்ல குழாய் கிரேடுகள் இந்தச் சோதனையில் விரிசலே விடாமல் நாட்கணக்கில் நிற்கும். அவற்றைப் பிரித்துக் காட்ட முழு நாட்ச் க்ரீப் (நிலையான சுமையில் மெல்ல நீளுதல்) சோதனையான ஐஎஸ்ஓ 16770-க்கோ, 80 டிகிரியில் இழுத்துப் பார்க்கும் ஐஎஸ்ஓ 18488-க்கோ போக வேண்டும்.

பிசி/ஏபிஎஸ்காரருக்கு இதெல்லாம் தேவையில்லை. பாலிமர்பட்டறை சொன்ன வழிதான்.

---

உறைவடிவம்

மிக்க நன்றி. ஜிக் வெட்டக் கொடுக்கிறோம். இரண்டு சந்தேகம் பாக்கி. 40 டிகிரி பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம், எங்கள் பாஸில் உண்மையில் எவ்வளவு ஸ்ட்ரெயின் இருக்கிறது என்று தெரியாமல் 0.5, 1.0 என்று வைப்பதில் என்ன பொருள்?

---

மரைக்கணக்கு

இரண்டாவது கேள்வி முதலில்.

உலோக இன்செர்ட்டை அழுத்திச் செருகியிருந்தால் கணக்கு எளிது: துளை 4.00 மிமீ, இன்செர்ட் 4.08 என்றால் துளை ஓரத்தில் வளையத் திசையில் 0.08 ÷ 4.00, அதாவது 2 சதவீதம். 1.5 சதவீத ஜிக்கைவிடவே அதிகம். தானே மரை போடும் ஸ்க்ரூவுக்கு இப்படி ஒரு வரியில் கணக்கு வராது, மரையின் அடியில் ஸ்ட்ரெயின் குவியும். ஆகவே பார் சோதனை கிரேடுகளையும் திரவங்களையும் ஒப்பிட மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸுக்குத் தீர்ப்புச் சொல்ல உண்மையான உறையையே சோதிக்க வேண்டும்: ஸ்க்ரூ இல்லாமல் ஒரு தொகுதி, பாதி டார்க்கில் (இறுக்கும் முறுக்குவிசையில்) ஒன்று, முழு டார்க்கில் ஒன்று, முழு டார்க்கோடு முன்துளையைச் சற்றுப் பெரிதாக்கி ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே துடைப்புச் சுற்று. ஸ்க்ரூவின் தலை கூம்பு வடிவமா என்றும் பாருங்கள். கூம்புத் தலை ஆப்பு மாதிரி துளையை அகட்டும். தட்டை அடித் தலைக்கு மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். பாஸின் வெளிவிட்டம் ஸ்க்ரூ விட்டத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு இல்லையென்றால் அதையும் திருத்த வேண்டும்.

இன்னொன்று, இழையில் யாரும் கேட்காதது: குற்றவாளி துடைப்பான்தான் என்று எப்படித் தெரியும்? துடைப்பது வெளி முகத்தை. பாஸ் இருப்பது உள்ளே. ஸ்க்ரூ மேல் இருக்கும் துருத்தடுப்பு எண்ணெய், மரையில் விடும் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) இவை இரண்டுமே பிசி/ஏபிஎஸ்ஸைக் கடிக்கக்கூடியவை, அவை நிற்பதும் ஸ்ட்ரெயின் மிக அதிகமான இடத்திலேயே. திரெட்லாக்கர் இன்னும் மோசம்; காற்றில்லாமல், உலோகத்தோடு ஒட்டி இருந்தால்தான் அது இறுகும். மரைக்கு வெளியே வழிந்தது இறுகாமல் திரவமாகவே பிளாஸ்டிக் மேல் கிடக்கும்.

கண்டுபிடிக்க விரிசலைத் திறந்து பாருங்கள். பின்பக்கத்திலிருந்து விரிசலை நோக்கி ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போய், கொஞ்சம் மீதி விட்டு, கையால் பிளக்க வேண்டும். விரிசல் முகத்தில் ரம்பம் படக் கூடாது. 20 மடங்கு லென்ஸ் போதும். தொடங்கிய இடம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். பல இடத்தில் தொடங்கியிருந்தால் அவை சேரும் இடத்தில் சின்னச் சின்னப் படிகள் தெரியும். கையால் பிளந்த பகுதி வெளுத்து, இழுபட்டு, சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான பகுதி துளையின் உட்சுவரில் ஆரம்பித்திருந்தால் எண்ணெயோ லாக்கரோ. உறையின் வெளி முகத்தில் ஆரம்பித்திருந்தால் துடைப்பான். கூடவே விரிசல் விட்ட உறையின் உருகு பாய்வு எண்ணை (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவை), மூல ரெசினோடு ஒப்பிடுங்கள். கணிசமாக ஏறியிருந்தால் மோல்டிங்கில் பொருள் சிதைந்திருக்கிறது, அது வேறு நோய்.

40 டிகிரி: எச்சரிக்கையாக. சூட்டில் திரவம் வேகமாக நுழையும், உண்மை. ஆனால் வளைத்து வைத்த பாரில் ஸ்ட்ரெயின்தான் நிலை, ஸ்ட்ரெஸ் நேரத்தோடு தளரும். சூட்டில் இன்னும் சீக்கிரம் தளரும். எது முந்துகிறதோ அதைப் பொறுத்து முடிவு. 23-இல் விரிசல் விடும் பார் 40-இல் தப்பித்து நிற்பதும் உண்டு. ஆகவே பயன்படும் வெப்பநிலையிலேயே முழுத் தொகுப்பையும் செய்யுங்கள். 40-ஐக் கூடுதலாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக அல்ல. ஸ்க்ரூவும் ஏறத்தாழ நிலையான ஸ்ட்ரெயின்தான் என்பதால் உங்களுக்கு வளைத்த பார் பொருந்துகிறது. எடை தொங்கும் பாகம், உள்ளழுத்தம் உள்ள பாகம் என்றால் ஸ்ட்ரெஸ் தளராது. அவற்றுக்கு ஐஎஸ்ஓ 22088 பகுதி 2-இன் நிலையான இழுவைச் சுமைதான் சரி.

---

உறைவடிவம்

ஒரு உறையைத் திறந்து பார்த்தோம். நான்கு பாஸில் மூன்றில் வழவழப்பான பகுதி துளையின் உட்சுவரில்தான் ஆரம்பித்திருக்கிறது. திரெட்லாக்கர் போடுவதில்லை. ஸ்க்ரூ வந்த பையின் உள்ளே தொட்டால் பிசுபிசுப்பு. ஸ்க்ரூக்களை அசிட்டோனில் கழுவிவிட்டு அசெம்பிளி செய்து பார்க்கலாமா?

---

மரைக்கணக்கு

பிசுபிசுப்பு இருந்தால் அந்த எண்ணெயையே ஜிக்கில் ஒரு தனித் திரவமாக வைத்துவிடுங்கள்: அதே 0.5, 1.0, 1.5, ஐந்தைந்து பார். ஸ்க்ரூவைக் காரத் துப்புரவுக் கரைசலில் கழுவி, வெந்நீரில் இருமுறை அலசி, 80 டிகிரி அடுப்பில் முழுக்கக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். அசிட்டோன் மரையின் இடுக்கில் துளி நின்றாலும் பாலிகார்பனேட்டை எண்ணெயைவிடக் கேவலமாகக் கடிக்கும்.

நாலாவது பாஸ் எந்தப் பக்கம் ஆரம்பித்தது?

---

உறைவடிவம்

வெளி முகத்தில், வெல்டு லைன் மேலேயே.

---

கிரேஸ்கண்

அப்படியென்றால் இரண்டு திரவமும் வேலை செய்கின்றன. உறை மாதிரியில் நான்கு சேர்க்கை வையுங்கள்: கழுவிய ஸ்க்ரூ, கழுவாத ஸ்க்ரூ, இரண்டிலும் துடைப்பது, துடைக்காதது. ஒவ்வொன்றிலும் ஐந்து உறை என்றால் சேர்க்கைக்கு இருபது பாஸ். எண்ணும்போது வெல்டு லைன் கடக்கும் பாஸைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், மற்றதோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அது மறைந்துவிடும்.